போல்டு இட்டாலிக்கைப் பத்திக்குள் விடாதீர்கள்

எந்தக் கல்லூரியின் நோட்டீஸ் போர்டு முன்னாலும் போய் நின்று பாருங்கள். தேர்வுக் கட்டணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை இருக்கும். ஏ4 தாள், டைம்ஸ் நியூ ரோமன், மொத்தம் பதினைந்து வரி தேறும். துறையின் பெயர் போல்டு இட்டாலிக். 'எல்லா மாணவர்களும்' என்பது போல்டு இட்டாலிக். கடைசித் தேதி போல்டு இட்டாலிக். அபராதத் தொகை போல்டு இட்டாலிக், கூடவே ஒரு அடிக்கோடு. 'தவறாமல்', 'கண்டிப்பாக', 'எக்காரணம் கொண்டும்' எல்லாமே போல்டு இட்டாலிக். அடியில் 'முதல்வரின் உத்தரவுப்படி' என்பதும் அதே கோலத்தில். சாதாரண எழுத்தில் மிஞ்சியிருப்பவை 'ஆஃப்', 'தி', 'ஆன்' மாதிரி நாலைந்து அனாதைச் சொற்கள்தான்.

இந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போகிற பி.காம். மாணவன் அடுத்த வாரம் அலுவலக ஜன்னல் முன்னால் அபராதப் பணத்தோடு நிற்கிறான். "நோட்டீஸ் போட்டிருந்தோமே தம்பி, தேதியை போல்டு இட்டாலிக்லதானே போட்டிருந்தோம்!" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. போட்டிருந்தார்கள். வினையே அதுதான். அவன் கண்ணில் பட்டது ஒரு கறுப்புத் திட்டு. அதற்குள் தேதி எங்கே இருந்தது என்று தேட வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. அப்பா அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி எழுத்துரு விவகாரத்தில் போயிற்று.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போல்டு இட்டாலிக் செரிஃப், அதாவது முனைகளில் சின்னப் பாதம் வைத்த, தடித்த, சாய்ந்த எழுத்து, ஒரு பத்தியின் நடுவே எதையும் அழுத்திச் சொல்ல லாயக்கில்லாதது. அது அசிங்கமான எழுத்து என்று இங்கே யாரும் சொல்ல வரவில்லை. பெரிய அளவில், தனியாக, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு நிறுத்தினால் அதன் மிடுக்கு வேறு எந்த எழுத்துக்கும் வராது. ஆனால் 12 பாயிண்டில், மற்ற வார்த்தைகளின் கூட்டத்துக்குள் அதைத் தள்ளிவிடும்போது அது தன் வேலையையும் செய்வதில்லை, பக்கத்தில் இருப்பவர்களையும் செய்யவிடுவதில்லை. ஏன் இப்படி என்று தெரிய வேண்டுமென்றால் போல்டும் இட்டாலிக்கும் எந்தெந்த வீட்டில் பிறந்தன என்று பார்க்க வேண்டும்.

முதலில் இட்டாலிக். 1501ல் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் வெர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் புத்தகமாகப் போட்டார். முழுப் புத்தகமும் சாய்வெழுத்து. எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அந்தக் காலத்து இத்தாலியப் படிப்பாளிகள் வேகமாக எழுதிய கையெழுத்துதான் மாதிரி. முதல் வரி முதல் கடைசி வரி வரை எல்லாமே இட்டாலிக் என்றால் அங்கே வலியுறுத்தல் எங்கிருந்து வரும்? வராது. அது வெறுமனே படிப்பதற்கான எழுத்து, அவ்வளவுதான். (அதில் பெரிய எழுத்துகள் சாயவே இல்லை, நிமிர்ந்தே நின்றன என்பது ஒரு வேடிக்கை.) 1502ல் வெனிஸ் செனட் இந்த எழுத்துக்கு ஆல்டஸிடம் தனியுரிமை கொடுத்தது. லியோன் நகரத்து அச்சுக்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் காப்பி அடித்துத் தள்ளினார்கள். திருட்டு விசிடிக்கு முப்பாட்டன் அங்கே இருக்கிறான்.

அந்த நூற்றாண்டு போகப் போக நிமிர்ந்த எழுத்து பிரதான இடத்தைப் பிடித்துக்கொண்டது. இட்டாலிக் அதற்குத் துணை ஆளாகிவிட்டது. புத்தகப் பெயரா, வேற்றுமொழிச் சொல்லா, பேசுகிறவர் லேசாக அழுத்துகிற வார்த்தையா, கூப்பிடு இட்டாலிக்கை. கவனிக்க வேண்டியது, இந்த வேலைகள் எதிலும் சத்தம் கூடுவதில்லை. குரல் மாறுகிறது, அவ்வளவுதான். கிங் ஜேம்ஸ் பைபிளின் பிற்காலப் பதிப்புகளில் இட்டாலிக்கில் வரும் சொற்கள் அழுத்தி வாசிக்க வேண்டியவை அல்ல. மூலத்தில் இல்லாத, மொழிபெயர்ப்பாளர் பொருள் விளங்கச் சேர்த்த சொற்கள். அதாவது 'இது எங்கள் சரக்கு' என்று அடக்கமாக ஒதுங்கி நிற்பதற்கு அங்கே இட்டாலிக். இதைத் தெரியாமல் அந்தச் சொற்களில் மட்டும் மேஜையைத் தட்டி வாசித்தால் எப்படி இருக்கும்!

போல்டின் கதை வேறு. அது படிப்பாளி வீட்டில் பிறக்கவில்லை, கடைத்தெருவில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் லாட்டரி விளம்பரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. அதற்காகவே ராபர்ட் தோர்ன் போன்ற எழுத்து வார்ப்பாளர்கள் கோடுகளை ஊதிப் பெருக்கி, 'கொழுத்த முகம்' என்றே பெயர் பெற்ற எழுத்துகளை வார்த்தார்கள். தோர்ன் 1820ல் இறந்ததும் அவருடைய வார்ப்புக்கூடத்தை வாங்கியவர் வில்லியம் தோரோகுட். லாட்டரியில் விழுந்த பணத்தில்தான் வாங்கினார் என்று அச்சு வரலாற்றுக்காரர்கள் சொல்வார்கள். லாட்டரிக்காகப் பிறந்த எழுத்தை லாட்டரிப் பணமே வாங்கியது. வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைவிட இனிப்பான கணக்கு கிடைக்காது :-)

தோரோகுட்டின் சரக்கில் கொழுத்த சாய்வெழுத்தும் இருந்தது. அதாவது போல்டு இட்டாலிக் செரிஃபின் நேரடி மூதாதை ஒரு சுவரொட்டி எழுத்து. இருபதடி தூரத்தில் நடந்து போகிறவனைத் திரும்பிப் பார்க்க வைக்கச் செய்தது. அங்கே அது பிரமாதமாக வேலை செய்தது. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம், அதோடு சாய்வு. பார்த்தால் எழுத்தே ஓடுகிற மாதிரி இருக்கும்.

புத்தகப் பக்கத்துக்குள் தடித்த எழுத்து மரியாதையாக நுழைந்தது 1845ல். அதே வார்ப்புக்கூடத்தில், ராபர்ட் பெஸ்லி காலத்தில், பெஞ்சமின் ஃபாக்ஸ் வெட்டிய கிளாரெண்டன். புதிய வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பதிவு செய்தார்கள். மூன்று வருடப் பாதுகாப்பு முடிந்ததும் ஊரே அதைப் போல வெட்ட ஆரம்பித்துவிட்டது. (பெஸ்லி பின்னால் 1869ல் லண்டன் மேயராகவே ஆனார். எழுத்து விற்று மேயர்!) கிளாரெண்டன் எதற்குப் பயன்பட்டது என்பதுதான் முக்கியம். அகராதியில் தலைச்சொல் மாதிரி இடங்களுக்கு. ஒருவன் பக்கத்தைப் படிக்க வருவதில்லை, ஒரு சொல்லைத் தேட வருகிறான். அவன் படிக்கத் தொடங்கும் முன்பே அந்தச் சொல் எழுந்து நின்று கை காட்ட வேண்டும். போல்டு செய்கிற வேலை அதுதான்.

ஆக இரண்டும் வெவ்வேறு தூரத்தில் வேலை செய்கின்றன. போல்டை வாசகன் படிப்பதற்கு முன்பே பார்க்கிறான். இட்டாலிக்கைப் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தை அடையும்போதுதான் உணர்கிறான். இரண்டையும் ஒரே சொல்லில் ஏற்றினால் என்ன ஆகும்? தெருமுனையிலிருந்து "டேய்!" என்று கத்திக் கூப்பிட்டு, ஓடி வந்ததும் காதோரம் கிசுகிசுக்கிற நண்பனைப் போல ஆகும். கிசுகிசுப்பதாக இருந்தால் கத்தியிருக்க வேண்டாம். கத்திவிட்ட பிறகு கிசுகிசுப்பில் என்ன ரகசியம்?

"அதெல்லாம் தத்துவம், கண்ணுக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். சரி, கண்ணுக்கே வருவோம். இன்று எல்லாருடைய கணினியிலும் இருக்கிற டைம்ஸ் நியூ ரோமனையே எடுத்துக்கொள்ளலாம். 'தி டைம்ஸ்' நாளிதழுக்காக மோனோடைப் நிறுவனத்தின் ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டெண்ட் வரைந்தது. 1932 அக்டோபர் 3 அன்று அந்த நாளிதழில் முதன்முதலாக வந்தது. மோனோடைப் இயந்திரத்தில் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் 18 பங்குக் கணக்கில் அளக்கப்படும். அந்தக் கணக்கு இன்றைய கணினி எழுத்துருவிலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் சிறிய 'ஈ' எழுத்துக்குக் கிடைத்த இடம் 8 பங்கு. சாதாரணம், இட்டாலிக், போல்டு, போல்டு இட்டாலிக் என்று நாலு உடன்பிறப்புகளுக்கும் அதே 8 பங்குதான். ஆங்கிலத்தில் அதிகம் வருகிற எழுத்து இது. போல்டு இட்டாலிக்கில் கோடு தடித்தாயிற்று, உடம்பு பதினைந்து பதினாறு டிகிரி சாய்ந்தாயிற்று, ஆனால் உட்காரும் நாற்காலி அதே அகலம். எங்கே இடம் குறையும்? 'ஈ'யின் உள்ளே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணில்தான். நல்ல பிரிண்டரில் 12 பாயிண்டில் தப்பித்துக்கொள்ளும். அதையே ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். கண் அடைத்துப் போய் 'ஈ' எது, 'சி' எது, 'ஓ' எது என்று தெரியாது. கல்லூரிக்குள் சுற்றுகிற தாள்களில் முக்கால்வாசி ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. டைம்ஸின் போல்டு, அதன் சாதாரண எழுத்தைத் தடிமனாக்கி வரைந்தது அல்ல. உற்றுப் பார்த்தால் தெரியும். சாதாரணத்தில் 'டி' எழுத்தின் உச்சியில் இருக்கும் பாதம் சரிவாக இருக்கும், போல்டில் தட்டையாக இருக்கும். வளைவுகளின் மெலிந்த இடம் சாதாரணத்தில் லேசாகச் சாய்ந்திருக்கும், போல்டில் நேர் மேலும் நேர் கீழுமாக இருக்கும். இட்டாலிக்கும் அதே போலத் தனி ஆள். சிறிய 'ஏ'வுக்கு மேல்கூரை கிடையாது, 'எஃப்' கோட்டுக்குக் கீழே வால் விடும். இத்தனைக்கும் மோரிசனே 1926ல் எழுதிய கட்டுரையில், நல்ல இட்டாலிக் என்றால் நிமிர்ந்த எழுத்தையே லேசாகச் சாய்த்ததாக இருக்க வேண்டும், கண்ணை உறுத்தக் கூடாது என்று வாதாடியவர். ஆறு வருடம் கழித்துத் தன் சொந்த எழுத்துருவில் அந்தக் கொள்கையைக் காற்றில் விட்டுவிட்டார். கொள்கைக்காரர்கள் எல்லாத் துறையிலும் ஒரே மாதிரிதான். ஆனால் அதனால் நன்மைதான். இட்டாலிக் தனித்தன்மையோடு இருக்கிறது. அப்படித் தனித்தன்மை இருக்கிற ஒன்றை மறுபடி தடிக்க வைத்துத்தான் தெரியவைக்க வேண்டுமா?

அந்தக் காலத்தில் இப்படி ஆசைப்பட்டாலும் சுலபமாகச் செய்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தித்தாள்களில் ஓடிய லைனோடைப் இயந்திரத்தில் ஒரு அச்சில் இரண்டு வடிவம்தான் இருக்கும். சாதாரணமும் இட்டாலிக்கும், அல்லது சாதாரணமும் போல்டும். வரியின் நடுவில் திடீரென்று போல்டு இட்டாலிக் வேண்டுமென்றால் அதற்கு வேறு தொகுதி வேண்டும், வேலை நிற்கும், காசு கூடும். காசு கூடினால் மனிதன் யோசிப்பான். யோசித்தால் பாதி நேரம் வேண்டாம் என்று விட்டுவிடுவான்.

இந்தத் தடையை உடைத்தது கணினி. 1985ல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரில் 13 எழுத்துருக்கள். டைம்ஸ் நாலு, ஹெல்வெட்டிகா நாலு, கூரியர் நாலு, குறியீடுகளுக்கு ஒன்று. 1992ல் விண்டோஸ் 3.1 டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல், கூரியர் நியூ ஆகியவற்றை அதே நாலு பேர் குடும்பமாகக் கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஒரு எழுத்துரு என்றால் நாலு பேர் என்று ஆகிவிட்டது. இரண்டு பட்டன் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஏதாவது வந்துதானே ஆக வேண்டும்? வரைகிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நாலாவது ஆளை வரைந்தே தீர வேண்டும். அப்படி வரையாத எழுத்துருவில் மென்பொருளே கோட்டைத் தடிக்க வைத்து, எழுத்தைத் தள்ளிச் சாய்த்து ஒரு போலியை நிறுத்திவிடும். முன்பு ஒரு இயந்திரத்தின் வேலையை நிறுத்திக் கேட்க வேண்டியிருந்த ஒன்று, இப்போது கண்ட்ரோல் பி, கண்ட்ரோல் ஐ. விலை பூஜ்யம்.

விலை பூஜ்யமானால் என்ன நடக்கும் என்று பி.காம். முதல் வருடப் பொருளாதாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நோட்டு அடித்துத் தள்ளினால் நோட்டின் மதிப்பு சரியும். வலியுறுத்தலும் பணம் மாதிரிதான். ஒரு பக்கத்தில் ஒரு சொல் தடித்திருந்தால் அது ஆயிரம் ரூபாய் பெறும். முப்பது சொல் தடித்திருந்தால் ஒவ்வொன்றும் செல்லாக்காசு. அப்போது என்ன செய்கிறார்கள்? போல்டு எடுபடவில்லை என்று இட்டாலிக்கைச் சேர்க்கிறார்கள். அதுவும் எடுபடவில்லை என்று அடிக்கோடு. பிறகு எல்லாம் பெரிய எழுத்து. பிறகு சிவப்பு மை. விலைவாசி ஏற ஏற நோட்டில் பூஜ்யத்தைக் கூட்டிக்கொண்டே போன அரசாங்கங்கள் செய்ததும் இதுதான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வாங்குகிற ஆசிரியர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். 'கண்டுபிடிப்புகள்' அத்தியாயத்தில் ஒவ்வொரு வாக்கியமும் போல்டு இட்டாலிக்கில் இருந்தால், எந்த வாக்கியமும் கண்டுபிடிப்பு இல்லை என்பதுதான் அங்கே உண்மையான கண்டுபிடிப்பு.

இதைச் சட்டம் போடுகிறவர்களே ஒப்புக்கொண்ட சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பங்கு வெளியீட்டு விளக்க அறிக்கையின் முகப்பில் ஒரு எச்சரிக்கை இருந்தாக வேண்டும். இந்தப் பங்குகளை எஸ்.இ.சி. அங்கீகரிக்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை என்ற எச்சரிக்கை. பழைய விதி அதன் எழுத்தைக் கூடத் தீர்மானித்திருந்தது. முழுக்கப் பெரிய எழுத்து, தடித்த நிமிர்ந்த எழுத்து, குறைந்தது 10 பாயிண்ட், வரிகளுக்கு நடுவே குறைந்தது 2 பாயிண்ட் இடைவெளி. கவனியுங்கள், விதியிலேயே நிமிர்ந்த எழுத்து. சாய்க்கச் சொல்லவில்லை. ஆனாலும் முழுப் பத்தியும் பெரிய தடித்த எழுத்தில் இருந்தால் முதலீட்டாளர் அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார். 1998ல் எளிய ஆங்கில விதிகளைக் கொண்டு வந்தபோது இந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டார்கள். எடுப்பாகத் தெரிந்தால் போதும், எப்படி என்பது உங்கள் பாடு என்றார்கள். பணம் போடுகிறவனின் கண் முன்னால் கறுப்புச் சுவர் எழுப்புவது அவனை எச்சரிப்பதாகாது. எச்சரித்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்வதற்குத்தான் அது உதவும். கல்லூரி ஜன்னலுக்குள்ளிருந்து வந்த குரலும் இதே ஜாதிதான்.

சரி, அப்படியானால் போல்டு இட்டாலிக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாமா? அச்சுக்கலைத் தூய்மைவாதிகள் சிலர் அப்படித்தான் பேசுவார்கள். அது அபத்தம். அதற்கென்று நியாயமான வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, மோதல். வணிகச் சட்டப் புத்தகத்தில் ஒரு தலைப்பு, போல்டில். அந்தத் தலைப்புக்குள் ஒரு வழக்கின் பெயர் வருகிறது. சாலமன் எதிர் சாலமன் அண்ட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனி என்பது தனி நபர் என்று 1896ல் தீர்ப்பான அதே வழக்கு. வழக்கின் பெயர் இட்டாலிக்கில் வர வேண்டும் என்பது மரபு. தலைப்போ போல்டு. அங்கே போல்டு இட்டாலிக்கைத் தவிர வேறு வழியில்லை. தாவரவியல்காரர்களுக்கும் இதே கதைதான், தலைப்புக்குள் செடியின் லத்தீன் பெயர் வந்துவிட்டால். இங்கே அந்த எழுத்து எதையும் வலியுறுத்தவில்லை, இரண்டு விதிகள் சந்திக்கும் முனையில் போக்குவரத்துக் காவலர் மாதிரி நிற்கிறது. இரண்டாவது, கணிதம். ஐ.எஸ்.ஓ. 80000-2 தரத்தில் திசையன்களுக்கு ஒதுக்கப்பட்டது தடித்த சாய்வெழுத்துதான். அளவு மட்டும் உள்ளது சாதாரண சாய்வு, திசையும் உள்ளது தடித்த சாய்வு. ஒரே எழுத்து, இரண்டு பொருள். அங்கே தப்பாகப் போட்டால் சமன்பாடே தப்பு. இந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கு அலுவலகங்களுக்கு இருந்தால் போதுமே!

மூன்றாவதுதான் அதன் பிறவித் தொழில். பெரிசாக நிற்பது. புத்தக அட்டை, சுவரொட்டி, பத்திரிகைத் தலைப்பு. 1970களின் அமெரிக்க விளம்பரங்களில் புக்மேன் என்ற எழுத்துருவின் தடித்த சாய்வு வடிவங்கள் சுருள் சுருளாகக் கொடி விட்டுக்கொண்டு வரும். எட் பெங்கியாட் 1975ல் ஐ.டி.சி. நிறுவனத்துக்காக அதைப் புதுப்பித்து வரைந்தார். பார்த்தால் இனிப்புக்கடை கண்ணாடியில் நாக்கை ஒட்டிக்கொண்டு நிற்கத் தோன்றும். அந்த எழுத்தில் ஒரு ஷாம்பு பெயர் இருக்கலாம், ஒரு பாட்டுத் தட்டின் பெயர் இருக்கலாம். கடன் ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து இருந்தால் சிரிப்புதான் வரும்.

இன்னும் ஒரு இடம் பாக்கி. கணக்குத் தாள். டைம்ஸில் 0 முதல் 9 வரை எல்லா எண்களுக்கும் 9 பங்கு அகலம், நாலு உடன்பிறப்புகளிலும் அதேதான். அதனால் மொத்தத் தொகையை மட்டும் தடிக்க வைத்தாலும் நூறுக்குக் கீழ் நூறு, பத்துக்குக் கீழ் பத்து என்று பத்தி நேராக நிற்கும். ஐந்தொகை போடுகிறவர்களுக்கு யாரோ மனது வைத்துச் செய்த உபகாரம். மொத்தத்துக்கு நிமிர்ந்த போல்டு போதும். அதைச் சாய்த்தும் வைத்தால் எண்கள் கீழே விழப் போகிற மாதிரி இருக்கும். லாபக் கணக்கில் அது நல்ல சகுனம் இல்லை.

தமிழுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே இந்த எழுத்துக்குப் பிறவித் தொழில்கூடக் கிடையாது. ஆல்டஸுக்கு முன்னால் ஒரு இத்தாலியக் கையெழுத்து இருந்தது, அதனால் இட்டாலிக் வந்தது. தமிழ் அச்சில் நிமிர்ந்த எழுத்துக்கு ஜோடியாக அப்படி ஒரு சாய்வெழுத்து மரபு வளரவே இல்லை. விண்டோஸோடு வந்த லதா எழுத்துருவில் சாய்வுக்கென்று வரைந்த வடிவமே கிடையாது. 'ஐ' பட்டனை அமுக்கினால் மென்பொருள் இருக்கிற எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். தள்ளியதும் என்ன ஆகிறது? மெய்யெழுத்தின் புள்ளி வலப்பக்கம் நகர்ந்து அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறப் பார்க்கிறது. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசமே அடியில் இருக்கிற அந்தச் சின்னக் கீற்றுதான். சாய்ந்து, தடித்து, ஜெராக்ஸும் ஆனால் அந்தக் கீற்று என்ன பாடுபடும்?

அதைவிடப் பெரிய விஷயம், தமிழுக்கு அது தேவையே இல்லை. 'பணம் கட்டினேன்' என்ற வாக்கியத்தில் ஆங்கிலேயன் ஏதாவது ஒரு சொல்லைச் சாய்த்து அழுத்தம் காட்ட வேண்டும். தமிழில் 'பணம்தான் கட்டினேன்', 'நானே கட்டினேன்', 'கட்டத்தான் செய்தேன்', 'பணமும் கட்டினேன்' என்று வாக்கியமே வேலையை முடித்துவிடுகிறது. ஒரு 'தான்', ஒரு 'ஏ', ஒரு 'உம்'. அழுத்தத்தை மொழியே வாய்க்குள் வைத்துக் கொடுத்திருக்கும்போது, அதன் மேல் தடித்த சாய்வையும் ஏற்றுவது பாயசத்தில் சர்க்கரை போட்டு, வெல்லம் போட்டு, மேலே தேன் ஊற்றுகிற கதை. 'கண்டிப்பாக வரவேண்டும்' என்று எழுதி அதைத் தடித்துச் சாய்த்து அடிக்கோடிடுகிறவர், தன் வாக்கியத்தின் மேல் தனக்கே நம்பிக்கையில்லை என்றுதான் காட்டிக்கொள்கிறார்.

"இப்போதெல்லாம் யார் முழுசாகப் படிக்கிறார்கள்? மேலோட்டமாகப் பார்க்கிறவனின் கண்ணில் படத்தான் இப்படிப் போடுகிறோம்" என்று ஒரு பதில் வரும். நியாயமான பதில்தான். மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்கு உதவ வேண்டியதுதான். அதற்கு அவன் கண் நிற்க ஒரே ஒரு இடம் கொடுக்க வேண்டும். தேர்வுக் கட்டணத் தாளில் அந்த இடம் தேதி. ஒன்றே ஒன்று. அபராதத் தொகை இரண்டாவது என்று யாராவது அடம்பிடித்தால் அதையும் கொடுக்கலாம். 'எல்லா மாணவர்களும்' என்பதைத் தடிக்க வைக்க என்ன அவசியம்? நோட்டீஸ் போர்டு முன்னால் மாணவர்களைத் தவிர வேறு யார் வந்து நிற்கப் போகிறார்கள்?

அந்தத் தாளையே மறுபடி அடித்துப் பார்க்கலாம். எல்லாம் சாதாரண எழுத்து. 'தவறாமல்', 'கண்டிப்பாக', 'எக்காரணம் கொண்டும்' மூன்றையும் எடுத்துவிடுங்கள். தேதி சொன்ன பிறகு அவற்றுக்கு வேலையில்லை. தேதி தனி வரியில், நிமிர்ந்த போல்டில். கட்டணமும் அபராதமும் இரண்டு வரிப் பட்டியலாக, எண்கள் ஒன்றின் கீழ் ஒன்று. பணம் கட்ட வேண்டிய ஜன்னல் எண், நேரம். பதினைந்து வரி ஆறு வரியாகிவிடும். தாளின் மேல் பாதி காலியாகவே கிடக்கும். அந்த இடத்தில் 'தேர்வுக் கட்டணம்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை 48 பாயிண்டில், ஆசை தீர, போல்டு இட்டாலிக்கில் போட்டுக்கொள்ளுங்கள். கேன்டீன் வாசலிலிருந்தே தெரியும்.